சுவரோரம் போகிறவர்கள்

தமிழில் அறிவியலும் மருத்துவமும் எழுதுகிறவர்களின் வலைப்பதிவுகளைத் தேடிப் படித்து, நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி அறிமுகம் எழுதி, ஞாயிறு காலையில் பலருக்கும் அனுப்பி வருகிறேன். கொரோனா முடக்கத்தின்போது தொடங்கிய வேலை இது. அப்போது எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு மருந்தும் மாலையில் ஒரு மருந்துமாக வந்துகொண்டிருந்தன. இது பிழை, இது ஆபத்து என்று ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன். உயிரியல் படிப்பிக்கிற டீச்சருக்கு எல்லாம் தெரியுமாம் என்று முதுகுக்குப் பின்னால் கதை வந்தது. பிழையாகச் சொல்கிறவர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, சரியாகச் சொல்கிறவர்களை ஆட்களுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று அதன்பிறகுதான் யோசித்தேன்.

தேடத் தொடங்கியதும், யாரும் கேட்காமலே எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பாம்புக்கடி பற்றி மட்டும் எழுதும் ஒரு டொக்டர் இருந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு பல் பற்றி எழுதும் பெண் ஒருவர், பகிடியும் கலந்து எழுதுவார். வாவியில் மீன் செத்து மிதந்தால் அந்த வாரமே அதற்குக் காரணம் எழுதிவிடும் இளைஞர் ஒருவர். பெரும்பாலானவர்களுக்கு வாசகர்கள் குறைவு. என் தொகுப்பில் வந்த பிறகு நாலு பேர் கருத்து எழுதினால் அவர்கள் எனக்கு நன்றி சொல்லி அனுப்புவார்கள். இப்படியே நேரில் காணாத பலரோடு எனக்குப் பழக்கம் உண்டானது.

அவர்களில் ஒருவர் பெயர் போடாமல் எழுதினார். வலைப்பதிவின் மேலே எழுத்தாளரின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை நீள்சதுரம் மட்டும் இருந்தது. படம் சரியாக ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெண் என்பது எழுத்திலிருந்து தெரிந்தது. கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தம், குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை, தாய்ப்பால் என்று எளிமையாக எழுதுவார். விசித்திரமான எழுத்துப் பிழைகள் இருக்கும். “பிள்ளை பிறந்ததும்” என்று வரவேண்டிய இடத்தில் “பிள்ளையார் பிறந்ததும்” என்று ஒருமுறை வந்திருந்தது. பேச்சை எழுத்தாக்கும் செயலி செய்கிற பிழை அது. கையால் தட்டாமல் வாயால் சொல்லி எழுதுகிறார் என்று விளங்கியது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருடைய புதிய பதிவைத் திறந்தேன். இப்படித் தொடங்கியது:

“மத்தியானங்களில் என் வீட்டில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்கிறார்கள்.”

தன் இரண்டு கண்களும் குளுக்கோமாவால் மங்கிவிட்டன என்று அவர் அதில் முதல்முறையாகச் சொல்லியிருந்தார். பார்வை குறைந்து கொஞ்சக் காலத்தில், மத்தியான வெளிச்சம் சுவரில் விழும் நேரத்தில், முதலில் வலைப்பின்னல் போன்ற கோலம் தெரிந்ததாம். பிறகு ஆட்கள். சிலர் முழங்கால் உயரம், சிலர் சாதாரண உயரம். தலையில் எதையாவது அணிந்திருப்பார்கள். பேசமாட்டார்கள். சத்தமே இருக்காது. அவரைப் பார்க்கவும் மாட்டார்கள். சுவரோரமாக நின்று, பிறகு மெல்ல நடந்து போய்விடுவார்கள். பதிவின் பின்பாதியில் காரணத்தை விளக்கியிருந்தார். கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை, இல்லாத செய்திக்குப் பதிலாகத் தானே உருவங்களைச் செய்து காட்டும், இது புத்தி பிசகுவதல்ல, பேயும் அல்ல, பார்வை இழந்தவர்களில் பலருக்கு வருவது, பலரும் வெளியே சொல்வதில்லை என்று.

மருத்துவப் பதிவு என்றால் அந்தத் துறையில் உள்ள ஒருவருக்குக் காட்டாமல் நான் தொகுப்பில் சேர்ப்பதில்லை. என்னிடம் படித்த ஒருவர் வேறு மாவட்டத்தில் கண் வைத்தியராக இருக்கிறார். அவருக்கு அனுப்பினேன். எல்லாம் சரி, இது தெரிந்த விஷயம்தான், தன் கிளினிக்கில் கேட்டால்தான் ஆட்கள் சொல்வார்கள், கேட்காவிட்டால் மறைத்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. பதிவைத் தொகுப்பின் முதலில் போட்டேன்.

ஞாயிறு முழுக்க ஒருவரும் கருத்து எழுதவில்லை. திங்கள் காலை போனை எடுத்துப் பார்த்தபோது தனிச் செய்திகள் வந்திருந்தன. என் அப்பாவுக்கும் இப்படி என்று ஒருவர். மாமி சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறா, இதனாலா என்று ஒருவர். அவற்றுக்கு இடையிடையே “இந்தச் செய்தி அழிக்கப்பட்டது” என்ற வரிகள். எழுதி, அனுப்பி, நான் பார்க்குமுன் அழித்துவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பெயர்களும் அவற்றில் இருந்தன. இவர்கள் வீட்டு மண்டபங்களுக்கு நான் போயிருக்கிறேன், தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அப்போது அங்கே யார் என்ன கண்டுகொண்டிருந்தார்களோ.

என் அக்காவின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. அம்மாவின் காணி, எங்கள் வழக்கப்படி பெண்பிள்ளைகளுக்கு வந்தது. வளவின் பின்பக்கம் கண்டல் மரங்கள், அதற்கு அப்பால் வாவி. அக்கா தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சுனாமியில் கடல் வந்த காலையில் அத்தான் போனார். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு அக்கா தனியேதான். அவளுக்கும் குளுக்கோமா. தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தாள், அதற்குள் பார்வையின் ஓரங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது புகைக்குள் பார்ப்பதுபோலத்தான் பார்வை. தன் வீட்டுக்குள் தடவித் தடவி எல்லா வேலையும் செய்துகொள்வாள். என் தொகுப்பைப் போனில் வாசிக்கவைத்துக் கேட்பாள். எழுத்தைப் பேச்சாக்கும் அந்தப் பெண்குரலுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு வராது. ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு வாங்காமல் வாசித்துக்கொண்டே போகும்.

அந்த வாரம் செவ்வாயோ புதனோ, பாடசாலை விட்டு வந்து, மீன்குழம்பு கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே அந்தக் குரல் கேட்டது. “மத்தியானங்களில் என் வீட்டில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.” பதிவு முடிந்ததும் அக்கா விரலால் தடவித் திரும்ப முதலிலிருந்து போட்டாள். நான் வந்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. குழம்பைக் குசினியில் வைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். இரண்டாவது முறையும் முடிந்தது.

“இத எழுதின மனிசி எந்த ஊர்?” என்று கேட்டாள்.

தெரியாது, பெயர் போடாமல் எழுதுகிறவ என்றேன். ஏன் என்று கேட்டேன். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கும் வாறாங்க பிள்ள.”

முந்தின மாரிக்கு முதலே தொடங்கிவிட்டதாம். ஒருவருக்கும் சொல்லவில்லை. விசர் என்று ஆஸ்பத்திரி வாட்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. பக்கத்து வீட்டு மனிசி மந்திரிக்க ஆள் கூட்டிவந்துவிடுவா என்ற பயம் இன்னொன்று. ஆனால் அக்கா சொல்லாததற்கு அவை மட்டும் காரணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றதைச் சொன்னாள். ஆட்கள் வரத் தொடங்கியபோது, கட்டாயம் அத்தானும் வருவார் என்று நினைத்தாளாம். மத்தியானச் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிட்டு, சாறியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு நாளும் மண்டபத்தில் காத்திருந்தாளாம்.

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல,” என்றாள். “அவரும் இல்ல, அம்மாவும் இல்ல. ஒரு முகமும் தெரிஞ்ச முகமில்ல. ஒருத்தரும் கிறுகிப் பாக்கவும் மாட்டாங்க. அதுதான் எனக்குப் பயம். எங்கட வீட்டுக்குள்ளால ஏன் தெரியாத சனம் போகுது?”

எங்கள் பக்கத்தில் கடலுக்கும் சண்டைக்கும் ஆட்களைக் கொடுக்காத வீடு குறைவு. பேய் வந்தாலும் தெரிந்த பேயாகத்தான் வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம் போல. அது மூளை செய்கிற படம், முகங்களையும் அதுவே செய்கிறது, அதனால் பெரும்பாலும் தெரியாத முகங்களாகத்தான் இருக்கும் என்று பதிவில் இருந்ததையே திரும்பச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். போனின் அந்த ஏற்ற இறக்கமில்லாத குரல் சொல்லிக் கேட்டபோது ஆறுதலாக இருந்ததாம். பிறகு அவர்களின் உடுப்புகளைப் பற்றிச் சொன்னாள். தையல்காரி கண். கழுத்துப் பட்டியில் அடுக்கடுக்காக மடிப்பு, கையின் முடிவில் இறுக்கிப் பிடித்த சுருக்கு, தான் வாழ்நாளில் தைக்காத, எந்தப் புத்தகத்திலும் பார்க்காத வெட்டு. அவளுக்கு என் முகம் தெரியாது. ஆனால் அவர்களின் உடுப்பில் தையல் ஓடுகிற இடம் துல்லியமாகத் தெரிந்தது.

பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, என் பக்கம் கையை நீட்டினாள்.

“கொஞ்சம் இஞ்சால வா. நீ அவங்கட வழியில இரிக்காய்.”

என் கதிரை சுவரோரம் கிடந்தது. நான் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றக் கதிரைகள் எல்லாம் சுவரிலிருந்து தள்ளி, மண்டபத்தின் நடுவில் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று மாலையே பெயரில்லாத அந்த எழுத்தாளருக்கு வலைப்பதிவின் வழியாக ஒரு செய்தி அனுப்பினேன். என் அக்காவுக்கும் இப்படி, உங்கள் பதிவைக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள் என்று எழுதினேன். இரண்டொரு நாளில் குரல் பதிவாகப் பதில் வந்தது. வயதான, தெளிவான குரல். அக்காவிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார். தலையில் என்ன அணிந்திருக்கிறார்கள், பிள்ளைகள் உண்டா, கண்ணைச் சிமிட்டினால் போய்விடுகிறார்களா, விளக்கைப் போட்டால் என்ன நடக்கிறது. அக்கா தன் போனில் பதில் பேசி அனுப்பினாள். அதன்பிறகு நான் நடுவில் தேவைப்படவில்லை. பின்னேரங்களில் அக்கா வீட்டிலிருந்து இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

அக்காவின் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், அவள் சொன்னவற்றைச் சேர்த்து அவர் இன்னொரு பதிவு எழுதினார். இருவர் காண்பதிலும் எது ஒன்று, எது வேறு என்று ஒப்பிட்டிருந்தார். பெரும்பாலும் வேறு வேறு. அவருக்குப் பிள்ளைகள் வருவதில்லை, அக்காவுக்கு வருகிறார்கள். அவருக்குச் சிலசமயம் பல் தெரியும் பெரிய முகம் ஒன்று வரும், அக்கா அதைக் கண்டதே இல்லை. வித்தியாசங்களைப் படிக்கப் படிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இருவருடைய மூளையும் தனித்தனியாக வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

பதிவின் கடைசிக்கு முந்தின பந்தியில் ஒரு வரி இருந்தது. “என் தோழியின் வீட்டில் அவர்கள் எழுவான் பக்கமிருந்து வந்து படுவான் பக்கம் போகிறார்கள். என் வீட்டிலும் அப்படியே.”

அந்த இரண்டு சொற்களிலும் நான் நின்றுவிட்டேன். சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும், படும் கரையைப் படுவான்கரை என்றும் வாவியின் இரண்டு கரைகளையும் எங்கள் மாவட்டத்தில்தான் சொல்வோம். வேறெங்கும் ஒருவர் கிழக்கு, மேற்கு என்றுதான் எழுதியிருப்பார். கனடாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார் என்று நான் கற்பனை செய்திருந்த அந்தப் பெண் எங்களுக்குக் கிட்டத்தான் எங்கோ இருந்தார்.

அக்காவிடம் கேட்டேன். ஓம், அவ படுவான்கரைதான், முந்தியே சொன்னவ என்றாள், நான் கேட்கவில்லையே என்பதுபோல. ஓய்வுபெற்ற குடும்பநல மாது, பிரசவம் பார்க்கிறவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். மகனோடு இருக்கிறார். வீடு வாவிக் கரையோரம். ஒரு தெளிந்த நாளில் எங்கள் பின்வளவிலிருந்து பார்த்தால் அக்கரைத் தென்னைகள் தெரியும். அவற்றுக்குள் எங்கோ அந்த வீடு.

நான் பின்வளவுக்குப் போய் நின்று பார்த்தேன். அக்கா வீட்டு மண்டபத்தில் சுவரோரமாக நடந்து போகிறவர்கள் எங்கள் பின்கதவால் வெளியேறி வாவிப் பக்கம் போகிறார்கள். அவர் வீட்டுக்கு வாவிப் பக்கமிருந்து வருகிறார்கள். இதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோதே, இப்படி ஒரு வாக்கியத்தை வேறு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் நான் தொகுப்பில் சேர்க்கமாட்டேன் என்றும் தெரிந்தது. கண் வைத்தியரான என் மாணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பொருந்தியதை மட்டும் எண்ணுகிறோம், பொருந்தாததை மறந்துவிடுகிறோம், திசை என்றால் இரண்டில் ஒன்று, ஒத்துப்போவதில் அதிசயமில்லை என்றார். வகுப்பில் நான் அவருக்குப் படிப்பித்ததுதான். சரி என்றேன். தென்னைகள் தெரிகிற பக்கத்து யன்னலை அன்று நான் சாத்தி வைத்தேன்.

நேரில் சந்திக்கவேண்டும் என்று கேட்டது அந்த எழுத்தாளர்தான். வேளாண்மை வெட்டி முடிந்த காலம். ஆட்டோவில் பாலத்தைக் கடந்து போனோம். வெட்டிய வயல் வட்டைகளில் மாடுகள் நின்றன. அக்கா புதுச்சாறி உடுத்தியிருந்தாள். நான் மனத்துக்குள் ஒரு சோதனையைத் திட்டமிட்டுக்கொண்டு போனேன். இருவரும் ஒரே நேரத்தில் கண்டால், ஒருவரை வெளியே கூட்டிப்போய், என்ன கண்டீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். அப்படிச் செய்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

ஊரில் அவரை எல்லோரும் மிஸ்ஸி என்றே அழைத்தார்கள். வாசலுக்கு வந்து அக்காவின் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். உடம்பு இளைச்சிருக்கு, சாப்பிடுறதில்லையோ என்று கேட்டார். அவருடைய மகன் எங்களுக்குக் கதிரை போட்டார். மண்டபத்தின் ஒரு பக்கம் நீளமான சுவர். வெள்ளை அடித்த, படமோ கலண்டரோ ஒன்றும் மாட்டாத சுவர். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வலைப்பதிவின் மேலே இருந்த வெள்ளை நீள்சதுரம் படம் ஏறாமல் போனதல்ல. அது இந்தச் சுவரின் படம்.

தேத்தண்ணி வந்தது. மிஸ்ஸி தன் வேலைக் காலத்துக் கதைகளைச் சொன்னார். மாரி வெள்ளத்தில் தோணியில் போய்ப் பிள்ளை பிறப்பித்த கதை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் தன் கையில் பிறந்தவர்கள் என்றார்.

“பிறந்த உடனே நான் கண்ட முகம் எதையும் மறக்கமாட்டன்,” என்றார். “இவங்கள்ல ஒண்டுகூட என்ர கையில பிறந்ததில்ல.”

அவர் அதைப் பெருமையாகவோ பயமாகவோ சொல்லவில்லை. விசாரித்து அறிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சூரியன் சாய்ந்து, யன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் விழத் தொடங்கியது. பேச்சு மெல்ல ஓய்ந்தது. வெளியே கோழி கொக்கரிப்பதும் தூரத்தில் உழவு இயந்திரத்தின் சத்தமும் கேட்டன. மிஸ்ஸி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வந்திட்டாங்க,” என்றார்.

அக்கா சுவரின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஓம்,” என்றாள்.

நானும் பார்த்தேன். வெள்ளைச் சுவர். அதில் மஞ்சளாக ஒரு வெளிச்சத் துண்டு. மூலையில் ஒரு பல்லி. வேறு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பெண்களின் தலைகளும் திரும்பிக்கொண்டிருந்தன. மிக மெல்ல, ஒரே வேகத்தில், வாவிப் பக்கத்திலிருந்து பின்கதவின் பக்கமாக. நடந்து போகிற ஒருவரைக் கண்ணால் தொடர்கிறவர்களின் தலை திரும்புவதுபோல. கதவு நிலையில் சாய்ந்து நின்ற மகன் ஓர் அடி ஒதுங்கி வழிவிட்டார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. வெகுகாலப் பழக்கத்தில் உடம்பு தானாக ஒதுங்கியது. என் கால்களையும் நான் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அது எவ்வளவு நேரம் நடந்ததென்று எனக்குச் சொல்லத் தெரியாது. வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கியபோது இருவரும் பழையபடி பேசத் தொடங்கிவிட்டார்கள். முருங்கைக்காய் விலை விழுந்த வருத்தம், கண்ணுக்கு விடும் மருந்து கிளினிக்கில் தட்டுப்பாடு என்று சாதாரணப் பேச்சு. நான் திட்டமிட்டிருந்த சோதனையைச் செய்யவில்லை. அக்காவை வெளியே கூட்டிப்போய்க் கேட்க வாயெடுத்தேன். இரண்டு பதில்களும் ஒன்றாக இருந்தால் நான் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. வேறாக இருந்தால், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இப்போதுதான் உண்டான ஒன்றை நான் உடைத்துவிடுவேன். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் காற்று பலமாக வீசியது. உண்மையிலேயே கண்டாயா, அவவுக்காகச் சொன்னாயா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“நான் கண்டன்,” என்றாள். “அவ கண்டது என்னெண்டு எனக்குத் தெரியாது. அத நான் கேக்கவுமில்ல. தனியக் காணாம ஒரு நாள் கண்டன், அது போதும் எனக்கு.”

இந்தச் சந்திப்பைப் பற்றி நான் தொகுப்பில் ஒன்றும் எழுதவில்லை. மிஸ்ஸியும் எழுதவில்லை. அவர் அடுத்ததாக எழுதியது வேறு. குளுக்கோமா குடும்பத்தில் ஓடக்கூடியது, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் நோவு, மங்கல் எதற்கும் காத்திராமல் கண்ணைச் சோதிக்கவேண்டும், தன் தங்கைகளுக்கு அதைச் சொல்லத் தவறவில்லை என்று எழுதியிருந்தார். நல்ல பதிவு. அறிமுகத்தில், எல்லோரும் கட்டாயம் படியுங்கள், உடனே போய்ச் சோதியுங்கள் என்று எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான், அக்காவின் நோய் தெரிந்து இத்தனை வருடத்தில் நான் போகவில்லையே என்று உறைத்தது.

கண் கிளினிக்கில் என் முறை வர மத்தியானமாகிவிட்டது. முதலில் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு பார்வைப் புலம் பார்க்கும் பரிசோதனை. இருட்டறையில், கிண்ணம்போன்ற ஒரு பொறிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஓரங்களில் எங்காவது சின்ன வெளிச்சம் தோன்றினால் கையிலிருக்கும் பொத்தானை அமத்தவேண்டும். கவனமாகச் செய்தேன். வெளிச்சங்கள் வந்தன, மங்கலாகவும் பிரகாசமாகவும். சில, வெளிச்சமா என்ற சந்தேகத்தில் வந்தன. அவற்றுக்கும் அமத்தினேன்.

முடிந்ததும் பரிசோதித்த பெண் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “வெளிச்சம் வராத நேரத்திலயும் அமத்தியிருக்கிறீங்க டீச்சர்.”

எல்லோரும் செய்வதுதானாம். தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் அப்படி நடக்குமாம். பொறி அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். நான் சிரித்தேன். ஆனால் அந்த நேரங்களில் நான் வெளிச்சத்தைக் கண்டேன். ஊகித்து அமத்தவில்லை.

இடது கண்ணில் நோய் தொடங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். ஆரம்பம்தான், மருந்து விட்டால் இப்படியே வைத்திருக்கலாம் என்றார். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். அவள் கை நின்றது. நேரத்தோட பிடிச்சாச்சுத்தானே என்று கேட்டாள். ஓம் என்றேன். திரும்பவும் கீரையை எடுத்தாள்.

“எனக்கு இப்ப குறைஞ்சுபோச்சு,” என்றாள் கொஞ்சம் கழித்து. “கிழமைக்கு ஒருக்காக்கூட வாறல்ல. சில நாளையில ஒராள் மட்டும் வந்து நிக்கும். மிஸ்ஸி சொன்னவ, நாள் போகப் போக நிண்டிருமெண்டு.”

நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றாள். ஆனால் மத்தியானத்தில் மண்டபம் வெறிச்சென்று கிடக்கிறது என்றும் சொன்னாள். கதிரைகளைப் பழைய இடத்தில் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, என் கை எங்கே என்று தேடிப் பிடித்தாள்.

“உனக்கு வந்தா என்னப்போல மறைக்காத. முதல் நாளே எனக்குச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். இப்போது பின்னேரம் ஆறு மணிக்கு, நினைவூட்ட, அவளுடைய போன் அடிக்கும். அந்த ஏற்ற இறக்கமில்லாத பெண்குரல், “தங்கச்சிக்கு மருந்து,” என்று சொல்லும். அக்கா வளவுக்குக் குறுக்கே கூப்பிடுவாள். நான் அண்ணாந்து படுத்து, கண்ணில் துளியை விட்டு, இமையை மூடிக்கொண்டு, அது உள்ளே இறங்கும்வரை கிடப்பேன்.